இருபத்தேழுக்கு இருபத்தைந்து

ஏப்ரல் 28, திங்கள்

இன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு கேள்வி: "உங்க மாப் எங்கே இருக்கு?"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் எதிரே நின்ற மேனேஜர் திவ்யப்ரியா மொடமொடப்பான சுடிதாரில் அவ்வளவு இனிமையாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் மாப்பைப் பற்றிக் கேட்பது, கல்யாண மண்டப வாசலில் சந்தனம் நீட்டுபவரிடம் செப்டிக் டேங்க் எப்போது அள்ளினீர்கள் என்று கேட்பதுபோல இருந்திருக்கும். கேட்கவில்லை.

அவிநாசி சாலையிலிருந்து சற்று உள்ளே, மூன்று மாடி, முகப்பு முழுக்கக் கண்ணாடி. என் மகள் இயலைச் சேர்க்கலாமா என்று பார்க்கப் போன இந்த டேகேருக்கு இனி இந்தக் குறிப்பேட்டில் கண்ணாடி வீடு என்று பெயர். வாசலில் செருப்புக்கு உறை மாட்டச் சொன்னார்கள். கைக்கு சானிடைசர். சுவரெல்லாம் ஒட்டகச்சிவிங்கி. குழந்தைகள் வட்டமாக, சின்ன நாற்காலிகளில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பகல் பதினொரு மணிக்கு ஒரு குழந்தைகூட அழாத இடத்தை இப்போதுதான் பார்க்கிறேன். எனக்கு ஐஸ் போட்ட எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள். வெயிலுக்கு இதமாக இருந்தது. இயலும் இரண்டு வாய் குடித்தாள்.

நான் வேலை பார்ப்பது ஒரு பால் நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில். சேர்ந்த முதல் வாரம் எங்கள் மேலாளர் சொன்னது இன்றுவரை மறக்கவில்லை: "தரையைப் பாக்காதீங்க தாரணி. தரை நாம வர்றோம்னு துடைச்சது. மாப்பைப் பாருங்க." எங்கள் ஆலையில் கழிவறைக்குச் சிவப்புக் கைப்பிடி, மற்ற இடத்துக்குப் பச்சை. மாற்றி எடுத்தால் மெமோ.

கண்ணாடி வீட்டிலிருந்து திரும்பும்போது பின்பக்கக் கதவு திறந்திருந்தது. ஒரு பெண் கழிவறையைத் துடைத்துவிட்டு, அதே மாப்போடு சமையலறைக்குள் போனார்.

சாயங்காலம் என் கணவன் சபரீஷ் கேட்டான், "எப்படி இருந்துச்சு?"

"பளபளன்னு இருந்துச்சு."

"அப்ப முடிச்சிடலாமா?"

"மாப் ஒண்ணுதான் இருக்கு."

அவன் லேப்டாப்பிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. "நீ டேகேர் பாக்கப் போனியா, ரெய்டு போனியா?"

சம்பளமில்லா விடுப்பு மே 31 உடன் முடிகிறது. ஜூன் 2 காலை ஒன்பது மணிக்கு நான் என் இருக்கையில் இல்லாவிட்டால் அந்த இருக்கை வேறொருவருக்குப் போய்விடும். 'மிகுந்த வருத்தத்துடன்' என்று மெயிலில் போட்டிருந்தார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும். இதை இவ்வளவு சின்ன வாக்கியமாக நான் யாரிடமும் சொன்னதில்லை.


ஏப்ரல் 30, புதன்

பட்டியல் தயாராகிவிட்டது. மொத்தம் இருபத்தேழு அம்சங்கள். மாப்புகளின் எண்ணிக்கை, அவை காய்கின்றனவா இல்லை வாளியில் ஊறிக் கிடக்கின்றனவா, டயப்பர் மாற்றும் மேசைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் உள்ள தூரம், ஒவ்வொரு குழந்தைக்கும் தனித் துண்டு, பொம்மைகளைக் கடைசியாகக் கழுவிய நாள், பாத்திரம் தேய்க்கும் நார், குடிநீர், அருகில் திறந்த சாக்கடை. இப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்.

கண்ணாடி வீட்டுக்கு நினைவிலிருந்து போட்டேன். பதினொன்று.

சபரீஷ் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "இதுல நம்ம வீடு பாஸாகுமா?" என்றான். தாளைப் பிடுங்கிக்கொண்டேன்.

கோபியிலிருந்து அம்மா போன். அம்மா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. இன்னமும் யாரிடம் பேசினாலும் வருகைப் பதிவு எடுப்பதுபோலத்தான் பேசுவார்.

"பாத்துட்டியா கண்ணு?"

"பாத்துட்டிருக்கேம்மா."

"சுத்தபத்தமா இருக்கோணும். பாத்துக்கற பொம்பளை என்ன ஆளுங்கன்னு விசாரிச்சியா?"

"அம்மா."

"என்ன அம்மா? புள்ளைக்குச் சோறு ஊட்டற கை. கேக்காம உட்ருவாங்களா?"

இரண்டாயிரத்து இருபத்தைந்தில் ஒரு பட்டதாரி ஆசிரியை கேட்கும் கேள்வி. என் பட்டியலில் இருபத்தேழு கேள்விகள் இருக்கின்றன, அதில் ஒன்றுகூட இது இல்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. ஆனால் எழுதும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.


மே 3, சனி

இரண்டாவது இடம். அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு வீடு. ஆறு குழந்தைகள், ஒரே துண்டு. அந்தத் துண்டால் ஒரு பையனின் மூக்கைத் துடைத்தார்கள், அதன் மறுமுனையால் ஒரு பெண் குழந்தையின் வாயைத் துடைத்தார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, "மறுபக்கம்தானே மேடம்" என்றார்கள்.

ஆறு மதிப்பெண்.

திரும்பும் வழியில் சபரீஷ், "பேசாம இன்னொரு வருஷம் வீட்லயே இருந்துக்கோயேன். இவ்வளவு டென்ஷன் எதுக்கு?" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அதுதான் எரிச்சல். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.


மே 5, திங்கள்

இயல் செருப்பை நக்கினாள். என் செருப்பு. என் வீடு. நான் இரண்டடி தூரத்தில் இருந்தேன்.


மே 8, வியாழன்

தடுப்பூசி போடும் க்ளினிக்கில் நர்ஸ் ஒரு எண் கொடுத்தார். மரகதம் என்று பெயர், வீட்டிலேயே எட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார், இப்போது ஓர் இடம் காலியாக இருக்கிறது. "என் பையன் அங்கதாங்க வளந்தான். கண்ண மூடிட்டு விடலாம்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு விடும் ஆள் நானல்ல. பட்டியலோடு போனேன்.

ஆட்டோக்காரர் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார். 'தூய்மைப் பணியாளர் குடியிருப்பு' என்று மாநகராட்சிப் பலகை. உள்ளே இரண்டாவது சந்து, மூன்றாவது வீடு. வாசலில் வேப்பமரம், அதன் கீழ் ஒரு குழாய்.

மரகதம் என்பவருக்கு ஐம்பது வயதிருக்கும். உயரம். தலைமுடியை வலை போட்டுக் கட்டியிருந்தார். நான் வணக்கம் சொல்லி உள்ளே காலெடுத்து வைத்தபோது தடுத்துவிட்டார்.

"கையக் கழுவிட்டு வாங்கம்மா. பாப்பா கையையும்."

"இப்பத்தான் சானிடைசர் போட்டேங்க."

"அது சரி. சோப்பு அங்க இருக்குது பாருங்க."

கழுவினேன். பிரசவ வார்டில் மருத்துவர்களைக் கை கழுவச் சொன்னதற்காக ஒரு மருத்துவரைப் பைத்தியம் என்று ஒதுக்கிய வரலாற்றைப் படித்திருக்கிறேன். கனவான்களின் கை எப்படி அழுக்காக இருக்க முடியும் என்று மற்றவர்கள் கேட்டார்களாம். படித்தபோது அவர்களை நினைத்துச் சிரித்தேன். இன்று குழாயடியில் எனக்குக் காது சூடானது.

பின்கட்டில் மூன்று மாப்புகள். ஆணியில் தலைகீழாக, வெயிலில். ஒன்றின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்து, "அது கக்கூசுக்கு. மாத்தி எடுத்தா எங்க வீட்டுக்காரரே ஆனாலும் அன்னிக்குச் சோறு இல்லை" என்றார். கணவர் மாநகராட்சியில் வேலை பார்க்கிறார். இவர் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினொரு வருடம் துப்புரவுப் பிரிவு மேற்பார்வையாளராக இருந்திருக்கிறார். பிளீச்சிங் கரைசலை மூடியால் அளந்து ஊற்றுகிறார். அந்த அளவை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. எட்டுக் குழந்தைக்கு எட்டுத் துண்டு, ஒவ்வொன்றிலும் நூலால் ஒரு படம்: மீன், குடை, சாவி. காலி இடத்துக்கான ஆணியில் நிலா போட்ட துண்டு தொங்கியது.

குழந்தைகள் அழுதார்கள், சிரித்தார்கள், ஒருத்தி மண்ணைத் தின்னப் பார்த்தாள். "ஏய் குடை, துப்பு" என்றார் மரகதம், திரும்பிப் பார்க்காமலே. குடை துப்பினாள்.

இயல் என் இடுப்பிலிருந்து இறங்கி நேராக அந்தக் கூட்டத்துக்குள் போனாள். போய் உட்கார்ந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கிளம்பும்போது மரகதம் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். "வெயில்ல வந்திருக்கீங்க."

"வேண்டாங்க, இப்பத்தான் குடிச்சேன்."

இயல் டம்ளருக்குக் கை நீட்டினாள். அவள் கையை மடக்கி, அவளை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

"கொதிக்க வெச்சு ஆறவெச்சதுதாங்க."

"இல்லைங்க, பாப்பாவும் குடிச்சிட்டா."

அவர் டம்ளரை ஒரு நிமிடம் கையில் பிடித்திருந்தார். பிறகு தானே அண்ணாந்து குடித்துவிட்டு, "யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

நான் வெளியே போனால் என் பாட்டில் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் குடிப்பதில்லை. இது தொழில் பழக்கம். எங்கள் ஆய்வகத்தில் எல்லோருமே இப்படித்தான்.

இருபத்தேழுக்கு இருபத்தைந்து. குறைந்தவை: குடிநீர் (உறுதி செய்யவில்லை), அருகில் திறந்த சாக்கடை.


மே 9, வெள்ளி

"எவ்ளோ மார்க்?" என்றான் சபரீஷ்.

"இருபத்தஞ்சு."

"அடேங்கப்பா. கண்ணாடி வீடு?"

"பதினொண்ணு."

"அப்புறமென்ன? சேத்துடு."

"பக்கத்துல சாக்கடை திறந்திருக்கு."

"எந்த ஏரியா?"

சொன்னேன். அவன் சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. "ஓ. அதுக்குள்ளயா?" என்றான். பிறகு, "எனக்கு ஒண்ணுமில்லப்பா. உங்கம்மாதான் ஆடிருவாங்க."

"நான் அதுக்காகச் சொல்லலை. சாக்கடைக்காகச் சொல்றேன்."

"நானும் சாக்கடையத்தான் சொல்றேன்."

"கொசு வரும்டா. டெங்கு வரும்."

"வரும், வரும்" என்றான். தலையை ஆட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது நாரைக் கொதிநீரில் போட்டு எடுத்தேன். இரண்டு முறை.


மே 12, திங்கள்

மரகதம் போன் செய்தார்.

"நான் மரகதம் பேசறேம்மா. இன்னொருத்தங்க வந்து எடம் கேக்கறாங்க. நீங்க மொதல்ல வந்ததால உங்களுக்காக வெச்சிருக்கேன். என்ன சொல்றீங்க?"

"வீட்ல பேசிட்டுச் சொல்றேங்க."

"வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்கறேன்."

"அந்தச் சாக்கடை..." என்று ஆரம்பித்தேன்.

"நாலு மனு குடுத்திருக்கோம்மா. ஊர்ச் சாக்கடையெல்லாம் எங்காளுகதான் அள்றாங்க. எங்க தெருவுக்கு மூடி போட ஆளில்லை." சிரித்தார். "வீட்டுக்குள்ள கொசுவலை இருக்கு. பாத்தீங்கல்ல?"

பார்த்தேன். அதற்கு ஒரு மதிப்பெண் கொடுத்திருக்கிறேன்.


மே 14, புதன்

இன்று மூன்று இடங்கள். ஒன்றில் ஃபினாயில் வாசம் கண்ணைக் கரித்தது. ஃபினாயில் அதிகமாக மணக்கும் இடத்தில் என்னவோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டாவதில் அக்வேரியத்தில் மீன் செத்து மிதந்தது. அது தூங்குகிறது என்று அங்கிருந்த பெண்மணி குழந்தைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவதில் என் பட்டியலைப் பார்த்துவிட்டு, "மேடம், நீங்க வீட்லயே வெச்சுப் பாத்துக்கறது பெட்டர்" என்றார்கள். எல்லோரும் எப்படியோ அந்த வாக்கியத்துக்கே வந்து சேர்கிறார்கள்.

ஆட்டோவிலிருந்து இறங்கி வரும்போது, எங்கள் அடுக்ககத்தின் வாசலிலிருந்து திறந்து கிடக்கும் தெருச் சாக்கடைக்கு எத்தனை அடி என்று நடந்து பார்த்தேன். ஒன்பது. மரகதம் வீட்டிலிருந்து இருபதுக்கு மேல் இருக்கும்.

சும்மாதான் பார்த்தேன்.


மே 16, வெள்ளி

இட்லிக்கு ஊறவைத்தேன். இயலுக்கு நகம் வெட்டினேன். துவைக்கும் இயந்திரத்தின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவினேன். ஆய்வகத்திலிருந்து நந்தினி போன் செய்து, "ரெண்டாந்தேதி வந்துடுவீங்கல்ல? உங்க சீட்ல யாரையோ உக்கார வெச்சுப் பாக்கறாங்க" என்றாள்.

நான் யாருக்கும் போன் செய்யவில்லை.


மே 19, திங்கள்

அம்மா நேற்று வந்தார். வந்த உடனே சமையலறை அலமாரித் தாள்களையெல்லாம் உருவி மாற்றினார். "என்ன பொண்ணு நீ, ஊரெல்லாம் டெஸ்ட் பண்றே, உன்ற வீட்ல எறும்பு ஊர்வலம் போகுது" என்றார். எறும்புகள் உண்மைதான்.

இன்று காலை பத்து மணிக்குக் குப்பை எடுக்கும் அக்கா மணி அடித்தார். இரண்டு ஈரக் குப்பைப் பை, ஒரு டயப்பர் பை. அவர் முகமெல்லாம் வேர்த்திருந்தது. "கொஞ்சம் தண்ணி குடுங்க கண்ணு" என்றார்.

நான் சமையலறைக்குள் வந்தேன். அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமல், "அந்தக் காலி பாட்டில்ல ஊத்திக் குடு. அப்படியே கொண்டு போயிரட்டும்" என்றார்.

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கே இவரோடு இதைப் பேசித் தீர்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கையைப் பார்த்தேன். என் கையில் ஏற்கெனவே ஒரு காலி பாட்டில் இருந்தது. அம்மா சொல்வதற்கு முன்பே எடுத்திருக்கிறேன்.

ஊற்றிக் கொடுத்தேன். அவர் அங்கேயே நின்று முழுவதும் குடித்துவிட்டு, பாட்டிலைத் தன் வண்டியிலேயே போட்டுக்கொண்டு போனார். இரண்டு வருடமாக வருகிறார். நான் அவரிடம் பெயர் கேட்டதில்லை.

எடுத்துப்போக வசதி என்றுதான் பாட்டிலில் கொடுக்கிறேன். எப்போதும் அப்படித்தான் கொடுக்கிறேன்.

கோபி வீட்டில் கொல்லைப்பக்க ஜன்னல் விளிம்பில் ஒரு டம்ளர் எப்போதும் கவிழ்ந்திருக்கும். வாசல் கூட்ட வரும் பெண்ணுக்கு. நான் ஐந்தாவது படிக்கும்போது ஒருமுறை அதில் தண்ணீர் மோந்து குடித்துவிட்டேன். அம்மா அடிக்கவில்லை, திட்டவில்லை. வாயைக் கொப்பளிக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "சுத்தம் கண்ணு" என்றார். அம்மா அந்த நாட்களில் பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

இதை எதற்கு இன்று எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அம்மா மதியப் பேருந்தில் ஊருக்குப் போய்விட்டார். எதையும் பேசித் தீர்க்கவில்லை.


மே 21, புதன்

கண்ணாடி வீட்டின் நேரம் என்ன என்று பார்க்க, இந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தைப் புரட்டினேன். 'ஐஸ் போட்ட எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள். வெயிலுக்கு இதமாக இருந்தது. இயலும் இரண்டு வாய் குடித்தாள்.'

ஐஸ். எந்தத் தண்ணீரில் உறைந்தது, எந்தப் பெட்டியில் வந்தது, யார் கையால் எடுத்தது என்று எதுவும் தெரியாத ஐஸ். கோடையில் வயிற்றைக் கெடுப்பவற்றில் முதலிடம் அதற்குத்தான். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு வருடா வருடம் நான் எடுக்கும் வகுப்பு இது. ஒரே மாப்பைக் கண்ணால் பார்த்த இடத்தில், அந்த ஐஸைப் பதினான்கு மாதக் குழந்தையின் வாயில் வைத்திருக்கிறேன். பாட்டில் தண்ணீர்ப் பழக்கம் அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை.

பிறகு மே 8ஆம் தேதிப் பக்கத்தையும் படித்தேன். கையெழுத்து என்னுடையதுதான்.

பட்டியலில் இல்லாத இருபத்தெட்டாவது கேள்வியை அம்மா வாய்விட்டுக் கேட்டார். நான் கேட்காமலே மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

இதற்கு மேல் எழுத எரிச்சலாக இருக்கிறது. நாளைக் காலை போகிறேன்.


மே 22, வியாழன்

போனேன். ஆட்டோவைச் சந்துக்குள் விடச் சொன்னேன். ஆட்டோக்காரர் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

மரகதம் அக்கா ஒரு குழந்தைக்கு முகம் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். சொல்லாமலே நானும் இயலும் குழாயில் கை கழுவினோம். அவர் அதைப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தேன். நிலா போட்ட துண்டு ஈரமாக இருந்தது.

"சனிக்கெழம எடத்தக் குடுத்துட்டேம்மா. வெள்ளிக்கெழம ராத்திரி வரைக்கும் போனப் பாத்தேன்."

"என் தப்புதாங்க. ஒரு குழந்தை கூடுதலா எடுத்துக்க முடியாதுங்களா? இவ அழ மாட்டா. ரெண்டாந்தேதி நான் வேலைல சேரலைன்னா என் சீட்டு போயிரும்."

"எட்டுக்கு மேல எடுக்கறதில்லை."

"ஒண்ணே ஒண்ணுதானுங்க."

"ஒம்போதாவது கொழந்தைக்குக் கை கழுவிவிட எனக்கு நேரம் இருக்காது. அப்ப யாருக்காவது ஒருத்தருக்குக் கழுவாம உட்ருவேன். யாருக்கு உடறது? நீங்களே சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். இருபத்தேழில் பதினான்காவது அம்சம்: ஒருவர் பொறுப்பில் எத்தனை குழந்தைகள். நானே எழுதியது.

"அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன். "அன்னிக்கு நான் தண்ணி..."

"அட, அதெல்லாம் எனக்குப் பழக்கந்தாம்மா" என்றார், குழந்தையின் காதுக்குப் பின்னால் துடைத்துக்கொண்டே. குரலில் கோபமே இல்லை. "எடம் இருந்திருந்தா குடுத்திருப்பேன். உங்க மவ நல்லா ஒட்டிக்கிட்டா. பேரு எழுதி வெக்கறேன், உங்களுக்கு முன்னால ரெண்டு பேரு இருக்காங்க. என்ன பேரு பாப்பாவுக்கு?"

"இயல்."

"இயலு" என்றார். நோட்டில் அப்படியே எழுதினார். நான் திருத்தவில்லை.

இந்த முறை அவர் தண்ணீர் கொடுக்கவில்லை. தொண்டை வறண்டிருந்தது. கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை.

இயலைத் தூக்கியபோது கத்தினாள். சந்துமுனை வரை கத்தினாள்.


மே 26, திங்கள்

வேறு இடம் தேட நாளில்லை, கண்ணாடி வீட்டில் சேர்த்தோம். ஏழு படிவங்கள். ஒன்றில் 'குழந்தையின் சமூகம்' என்று ஒரு கட்டம். டேகேருக்கு எதற்கு என்று கேட்டேன். "ஸ்டாண்டர்ட் ஃபார்ம் மேடம்" என்றார் திவ்யப்ரியா. காலியாக விட்டேன். சபரீஷ் பேனாவை வாங்கி அடுத்த பக்கத்தை நிரப்பத் தொடங்கினான்.

கடைசியில் கேட்டுவிட்டேன். "உங்க மாப் எங்கே இருக்கு?"

"சாரி?"

"தரை துடைக்கற மாப்."

"அதெல்லாம் ஹவுஸ்கீப்பிங் பாத்துப்பாங்க மேடம்." சிரிப்பு மாறவே இல்லை.

கைப்பிடி சிவப்பாக இருந்த ஒரு மாப்பைக் கடையில் வாங்கி, கழிவறைக்கு மட்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள். சபரீஷ் காரில் ஏறும்வரை அடக்கிவைத்திருந்து, பிறகு அவிநாசி சாலை முழுக்கச் சிரித்தான். எனக்கும் ஒரு கட்டத்தில் சிரிப்பு வந்துவிட்டது.


மே 29, வியாழன்

குப்பை எடுக்கும் அக்காவின் பெயர் சரோஜினி. இன்று டம்ளரில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "பாட்டில் இல்லைங்களா கண்ணு? வண்டில வெச்சுக்கிட்டா மத்தியானத்துக்கும் ஆகும்" என்றார்.

இரண்டிலும் கொடுத்தேன்.


மே 30, வெள்ளி

முன்னோட்டத்துக்காக இயலை மூன்று மணி நேரம் விட்டேன். சமையலறையில் சிவப்பு மாப்.


ஜூன் 2, திங்கள்

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்பே என் இருக்கையில் இருந்தேன். நந்தினி கட்டிப் பிடித்தாள். மதியம் ஒன்றரைக்குள் டேகேரின் கேமராவை போனில் பதினேழு முறை பார்த்தேன். இயல் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

அம்மா போன் செய்தார். "எடம் எப்படி கண்ணு, சுத்தமா இருக்குதா?"

"பளபளன்னு இருக்கும்மா."

"அப்பச் சரி" என்றார், நிம்மதியாக.


நவம்பர் 10, திங்கள்

ஐந்து மாதங்களில் இயலுக்கு நான்கு முறை வயிற்றுப்போக்கு வந்தது. ஒருமுறை இரண்டு நாள் மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நான் வேலையை விடவில்லை. நான்கில் இரண்டு முறை சபரீஷ் விடுப்பு எடுத்தான்.

போன வியாழக்கிழமை மரகதம் அக்கா போன் செய்தார். சாவித் துண்டுக்காரன் பால்வாடிக்குப் போய்விட்டான், எனக்கு முன்னால் பெயர் எழுதியிருந்த இரண்டு பேரும் வேறு இடம் பார்த்துக்கொண்டார்களாம். இன்று காலை எட்டேகாலுக்கு இயலைக் கொண்டு போனேன். வாசல் குழாயில் நான் கை கழுவினேன், அவள் கையையும் கழுவிவிட்டேன். ஆணியில் புதுத் துண்டு, அதில் ஒரு படகு. இயல் உள்ளே போய் உட்கார்ந்தாள். தொண்டை வறண்டிருந்தது, மரகதம் அக்காவிடம் தண்ணீர் கேட்டேன். குழந்தைகளின் கை கழுவும் வரிசை முடியட்டும் என்றார். முடியும்வரை நின்று, வாங்கிக் குடித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

டேகேரை மாற்றியதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எந்தத் தெரு என்று இன்னும் சொல்லவில்லை.